ஐந்து நாள் மடியிலிருந்த பை

ஐயா, அம்மா, வணக்கம்.

ஐம்பத்தைந்தைக் கடந்த நம் குடியிருப்புவாசிகள் ஆளுக்கொரு இளமைக்கால நினைவை எழுதிச் சங்கத்தில் சேர்ப்பது என்று சென்ற மாதக் கூட்டத்தில் முடிவானது. தங்களில் பலர் பிறந்த ஊரைப் பற்றி எழுதுவீர்கள் என்று எண்ணுகிறேன். பிறந்த ஊர் எனக்கும் உண்டு. இருப்பினும் நான் எழுதக் கடமைப்பட்டிருப்பது வந்து சேர்ந்த ஊரைப் பற்றி. அதிலும் ஒரே ஒரு கோடையைப் பற்றி. என் பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. மீதித் தமிழை நூலகத்துப் பெஞ்சில் அமர்ந்து நானாகவே கற்றுக்கொண்டேன். ஒரு பத்தி நேராக அமைவதற்குள் மூன்று தாள் வீணாகிறது. ஆகவே நடை முன்பின்னாக இருந்தால் பொறுத்தருள வேண்டும். செய்தியில் பிழை இல்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. சிவகங்கைப் பக்கத்தில் மூன்றாவது வருடமாக மழை பொய்த்திருந்தது. நண்பர் ஒருவர் சொல்லி, அம்பத்தூரில் ஓர் இரும்புப் பட்டறையில் அப்பாவுக்கு வேலை கிடைத்தது. பட்டறைக்கு அருகில் வீடு அமையவில்லை. எனவே பட்டாபிராமில், தண்டவாளத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், சிமென்ட் தகடு வேய்ந்த நான்கு வீட்டு வரிசையின் கடைசி வீட்டில் குடியேறினோம். அப்பா, அம்மா, நான், நடக்கப் பழகாத தம்பி. சித்திரை மாதம். பிற்பகலில் கூரைத் தகடு சூடேறி டக் டக்கென்று முறிவதுபோல ஓசையிடும். தம்பி ஒவ்வோர் ஓசைக்கும் அண்ணாந்து பார்ப்பான்.

அம்மாவுக்கு இந்த ஊர் முதல் நாளே கசந்தது. வெயில் காரணமன்று, அது எங்களுக்குப் பழையது. எங்கள் பக்கத்தில் வாசலைக் கடக்கிறவரைக்கூட "வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொல்லாதவர் வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். இங்கேயோ, நாங்கள் சாமான்களை இறக்கிக்கொண்டிருக்கும்போதே எதிர்வீட்டு அக்கா நேராக அடுப்படி வரைக்கும் வந்து ஒரு கிண்ணத்தை வைத்தார். ஆவடியில் துணி தைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்தவர் அவர்.

"இன்னா, வந்துட்டீங்களா? வடகறி கீது. புள்ளைங்க துன்னட்டும். கிண்ணம் மெதுவா வரட்டும்" என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

அம்மா அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வாங்கன்னு நம்மளச் சொல்லவே விடல. பேரு என்ன, ஊரு எதுன்னு ஒரு வார்த்த கேக்கல. வந்தாக, வச்சாக, போயிட்டாக. இது என்ன மொறைங்க?"

"ஊருக்கு ஒரு மொற. வடகறி நல்லாத்தான இருக்கு" என்றார் அப்பா, வாயில் வைத்துக்கொண்டே.

"நாக்கு ஒட்டிருச்சுல்ல, நீங்க இருங்க. வைகாசி கழியட்டும். எனக்கு மனசு ஒட்டலைன்னா நானும் பிள்ளைகளும் ஊருக்குப் போயிருவோம்."

அம்மா வெறும் பேச்சுக்குச் சொல்பவர் அல்லர். தகரப் பெட்டியிலிருந்த துணிமணிகளை அவர் அலமாரிக்கு மாற்றவே இல்லை. அன்றாடம் வேண்டியதை எடுத்துக்கொண்டு மீண்டும் பெட்டியைப் பூட்டினார்.

எனக்கோ, ஐயா, சொல்லவே கூச்சமாக இருக்கிறது, இந்த ஊர் வந்த மறுநாளே பிடித்துவிட்டது. காலையில் முதல் மின்வண்டி கடக்கும்போது தரை நடுங்குவதைப் பாயில் படுத்தபடி முதுகால் உணர்வேன். அப்போது இந்தப் பாதையில் மின்வண்டி புதிது; இரும்புத் தூளும் புதுச் சாயமும் கலந்த மணம் அதற்கு உண்டு. கிடங்குக்குப் பிரிந்துசெல்லும் இராணுவப் பாதையில் பச்சைத் தார்ப்பாய் போர்த்திய சரக்கு வண்டிகள் நிற்கும். தார்ப்பாய்க்குள் என்ன இருக்கிறது என்று தெரியாததே ஒரு சுகம். பயணச் சீட்டு அந்நாளில் தடித்த அட்டையாக இருக்கும். அதை இயந்திரத்தில் செருகித் தேதி குத்தும் ஒலிக்காகவே நிலையத்து வாசலில் போய் நிற்பேன். ஊரிலே எங்கே போனாலும், "இன்னார் மகள்" என்று யாராவது வழி மறிப்பார்கள். இங்கே என்னை யாருக்கும் தெரியாது. ஆயினும் கூட்டத்தில் இடறினால் யாரோ ஒருவர் கை வந்து தோளைப் பிடித்து நிறுத்தும். திரும்பிப் பார்ப்பதற்குள் அந்தக் கைக்குரியவர் போயிருப்பார். அது எனக்கு வியப்பாகவும் பிறகு மகிழ்ச்சியாகவும் இருந்தது.

அம்மாவுக்கு அதே கை வேறுவிதமாகத் தெரிந்தது. ஒரு நாள் ஆவடிச் சந்தைக்குத் தனியே போய்த் திரும்பியவர் மூச்சு வாங்கச் சொன்னார்: "வண்டில நான் பையத் தூக்கிக்கிட்டு நிக்கிறேன். உக்காந்திருந்த ஒருத்தி பேசாமக் கைய நீட்டி எம் பையப் புடிச்சு இழுக்குறா. நான் விடுவேனா? பட்டப்பகல்ல, அத்தன பேரு பாக்க."

அன்று முதல் எங்கள் வீட்டில் அது சட்டமாயிற்று: வண்டியில் பையை யார் கையிலும் கொடுக்கலாகாது.

வைகாசிக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, அம்பத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் என்னை ஆறாம் வகுப்பில் சேர்க்க அப்பா அழைத்துச் சென்றார். தம்பியோடு அம்மா வீட்டில் இருந்தார். நீலக் கட்டம் போட்ட லுங்கித் துணியில் அம்மாவே தைத்த பை என் கையில் இருந்தது. அதற்குள் பழைய பள்ளியில் கொடுத்த டி.சி., ஒரு நோட்டு, தலைமையாசிரியைக்குக் கொடுப்பதற்காக எவர்சில்வர் சம்புடத்தில் பதினொரு பொரிவிளங்காய் உருண்டைகள். புது இடத்துக்கு வெறுங்கையோடு போவது எங்கள் பக்கத்து வழக்கமன்று. பையின் வாயைக் கயிற்றால் சுருக்கி, அம்மா தம் ஊர் முடிச்சைப் போட்டிருந்தார். ஆட்டுக்குட்டியைக் கட்டும் முடிச்சு அது. இழுக்க இழுக்க இறுகும். உள்ளே மறைத்துச் செருகிய நுனியைத் தெரிந்தவர் பிடித்தால் ஒரே இழுப்பில் அவிழும்.

எட்டேகால் வண்டி. நிற்கவும் இடமில்லை. அப்பாவை நெருக்கம் இரண்டு ஆள் தள்ளிக் கொண்டுபோய்விட்டது. நான் ஓர் இருக்கையின் ஓரத்தில் மாட்டிக்கொண்டேன். பையின் கைப்பிடி விரலை அறுத்தது. அந்த இருக்கையில் வேப்பம்பட்டிலிருந்து வரும் ஓர் அம்மா அமர்ந்திருந்தார். காலடியில் மாங்காய்க் கூடை. அதன் பால் மணம் என் முகத்துக்கு வந்தது. மூக்கின் இருபுறமும் மூக்குத்தி. வெற்றிலைச் சாறில் சிவந்த பல். அவர் என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"குடு பாப்பா இப்டி. எம்மா நேரம் தூக்கிகினு நிப்பே? என் மடி சும்மாதானே கீது."

அவர் மடியில் ஏற்கெனவே யாருடையதோ ஒரு சாப்பாட்டுப் பை இருந்தது. அதை ஒதுக்கி இடம் செய்தார். நான் கொடுத்தேன். தாங்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்: நானாகத்தான் கொடுத்தேன். கொடுத்தவுடன் இரண்டு கையும் காலியாயின. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையை வெறுமனே ஆட்டிப் பார்த்தேன். சன்னலில் காற்று வந்தது. அந்த வண்டியில் நானும் ஓர் ஆள் என்று தோன்றியது.

அம்பத்தூர் வந்ததும் வாசலை நோக்கி ஒரு நெருக்கம் எழுந்தது. "இறங்குத்தா, இறங்கு" என்று அப்பாவின் குரல் கேட்டது. என்னைக் கூட்டமே இறக்கிவிட்டது. வண்டி நகர்ந்த பிறகுதான் அப்பா என் கையைப் பார்த்தார்.

"பை எங்கத்தா?"

வண்டியின் கடைசிப் பெட்டி எங்களைக் கடந்துகொண்டிருந்தது. வீட்டுச் சட்டம் என் தலையில் இடியாய் விழுந்தது. கொடுத்தேன் என்று சொல்ல நா எழவில்லை.

"புடுங்கிட்டாகப்பா" என்றேன். "மாங்காக் கூட வச்சிருந்த ஒரு அம்மா."

அப்பா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அம்மாவுக்கு ஆவடியில் நேர்ந்ததாக அவர் நம்பியிருந்தது இப்போது தமக்கு நேர்ந்துவிட்டது, அவ்வளவே. அங்கேயே ஒரு வெள்ளைத் தாள் வாங்கி, சுவரில் வைத்து, அழகான கையெழுத்தில் புகார் எழுதினார். அப்பா மனுக்கள் எழுதுவதில் வல்லவர். ஊரில் பலருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். எழுதியதை எனக்கு வாசித்தும் காட்டினார்: "முன்பின் அறியாத பெண்ணொருத்தி, மாங்காய்க் கூடை வைத்திருந்தவள், என் மகள் கையிலிருந்து மேற்படி பையை வலிந்து பறித்துக்கொண்டாள்." அதை நிலையத்தில் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு பள்ளிக்குப் போனோம். தலைமையாசிரியை பொறுமையாகக் கேட்டார். டி.சி. இல்லாமல் சேர்க்க இயலாது என்றும், வரும் திங்கட்கிழமை வரை இடத்தை வைத்திருப்பதாகவும் சொன்னார்.

வீட்டில் அம்மா அழவில்லை. தகரப் பெட்டியைத் திறந்து துணிகளைத் திருத்தி அடுக்கினார்.

"டி.சி.க்கு மறு நகல் வாங்க ஊருக்குத்தான போகணும்? போறது போறோம், அங்கனயே சேத்துருவோம். இந்த ஊரு நமக்கு ஆகாதுன்னு அதுவே சொல்லிருச்சு."

"திங்கக்கெழம வரைக்கும் பொறு. எழுதிக் குடுத்திருக்கேன்ல" என்றார் அப்பா. தம் எழுத்தின் மீது அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

அந்த வாரம் முழுவதும் காலை எட்டேகால் வண்டியின் அதிர்வு தரை வழியே வரும்போது எழுந்து வெளியே போய்விடுவேன். ஒரு வார்த்தையால் அந்த வண்டியை நான் இழந்துகொண்டிருந்தேன். இராணுவப் பாதையில் ஒரு சரக்கு வண்டியின் தார்ப்பாயை விலக்கிக் கொண்டிருந்தார்கள். உள்ளே என்ன என்று நின்று பார்க்கக்கூட மனம் வரவில்லை.

வியாழக்கிழமை மாலை எதிர்வீட்டு அக்கா வேலை முடிந்து வந்த வேகத்தில் எங்கள் வாசலுக்கு வந்தார்.

"உங்க பையி நீலக் கட்டம் போட்டதுன்னு சொன்னீங்கல்ல? எட்டே கால் வண்டியில ஒரு கூடைக்காரம்மா வெச்சிக்கினு கீது. நம்ம டேசன்ல வண்டி நிக்கசொல்ல எல்லாம் கதவாண்ட வந்து கூவுது, 'ரெட்ட சட புள்ளைய யாருனா பாத்தீங்களா'ன்னு. திங்கக்கெழமைலேர்ந்து கூவுதாம். நான் இன்னைக்குத்தான் அந்தப் பொட்டில ஏறினேன்."

அம்மாவின் முகத்தில் ஏதோ அசைந்தது. அப்பாவோ நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பாத்தியா. புகார் குடுத்தது காதுக்கு எட்டிருச்சு. இப்ப நல்லவுக வேசம் கட்டுறாக."

"அய்யே, அதெல்லாம் இல்லீங்க" என்றார் அக்கா. "அந்தம்மா யாரு பையைனாலும் மடில வாங்கி வெச்சிக்கும். ஒக்காந்துகினு கீறவங்க நிக்கிறவங்க பையை வாங்கிக்கணும். இங்க அதான் மொற. உங்க ஊர்ல இல்லையா?"

ஆவடி வண்டியில் தம் பையைப் பிடித்து இழுத்த அந்தக் கையை அம்மா அப்போது நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். அப்பா கேட்க விரும்பியதை மட்டும் கேட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, அடையாளம் காட்டுவதற்காக அப்பா என்னை எட்டேகால் வண்டிக்கு அழைத்துச் சென்றார். கூடைக்காரம்மா அதே இருக்கையில் இருந்தார். மடியில் எங்கள் பை. அதன் மேல் இரு கையும் கோத்து வைத்திருந்தார். என்னைக் கண்டதும் அவர் முகம் விரிந்தது.

"தோ, ரெட்ட சட. எங்கடி கண்ணு போயிட்ட? உன்ன நெனச்சிகினு நான் மாங்கா விக்கறேனா பையைக் காவல் காக்கறேனான்னே தெரியல."

"ஏம்மா, எம்மக கையில இருந்து இந்தப் பையப் புடுங்குனது நீங்கதான?" என்றார் அப்பா. "எழுதிக் குடுத்துட்டேன்னு தெரிஞ்சதும் திருப்பித் தர்றீகளாக்கும்?"

கம்பியைப் பிடித்து நின்ற ஒருவர் திரும்பினார்.

"இன்னா சார் பேசறே? திருடுன பையை டேசனுக்கு டேசன் கூவி ஏலம் போடற திருடிய எங்கனா பாத்துகிறியா?"

இரண்டு பேர் சிரித்தனர். மற்றொருவர் சிரிக்கவில்லை. "நான் வேலைக்கு சேந்த நாள்லேர்ந்து என் சோத்து மூட்ட அது மடிலதான் போவுது. யாரப் பாத்து இன்னா வார்த்த உடறே?"

அப்பாவுக்குக் காது சிவந்தது. "எம்மக பொய் சொல்லமாட்டா" என்றார். பிறகு என் பக்கம் குனிந்து, "சொல்லுத்தா. பயப்படாத. புடுங்குனாகளா இல்லையா?" என்றார்.

ஐயா, அம்மா, அந்தப் பெட்டியில் அத்தனை முகமும் என்னைப் பார்த்தது. நான் கூடைக்காரம்மாவை மட்டும் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். என் உதடு நடுங்குவதை அவர் கண்டிருப்பார். வெற்றிலை மெல்வதை ஒரு கணம் நிறுத்தினார். பிறகு அப்பாவை நோக்கிப் பேசினார்.

"அந்தக் கொயந்தைய ஏன் நைனா கேக்கறே? அன்னிக்குக் கூட்டம். நான்தான் வெடுக்குனு இழுத்துட்டேன் போல கீது. பயந்துகினுச்சி. தப்பு எம்மேலதான். எண்ணிப் பாத்து வாங்கிக்கோ. நான் தொறக்கல. பொம்பளப் புள்ள பையி, நான் இன்னாத்துக்குத் தொறக்கறேன்?"

அப்பா பையை வாங்கிக்கொண்டார். நன்றியும் சொல்லவில்லை, வருத்தமும் சொல்லவில்லை. ஆவடியில் இறங்கி எதிர் நடைமேடைக்குப் போகும்போது, "பாத்தியா, அவுகளே ஒத்துக்கிட்டாக" என்றார். அவர் மகிழ்ச்சியாக இருந்தார். என் கையைப் பிடித்திருந்தார்.

அப்பா மாலை முறை வேலைக்குக் கிளம்பிய பிறகு, அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அதன் வாயைப் பார்த்திருந்தார். திறக்கவில்லை. பிறகு என்னை அருகில் அழைத்து முடிச்சைக் காட்டினார்.

"இது நான் போட்ட முடிச்சு. யாராச்சும் புடிச்சு இழுத்திருந்தா கல்லா இறுகியிருக்கும். இறுகல. அவுத்துப் பாத்திருந்தா திரும்பப் போட இந்த ஊர்ல யாருக்கும் தெரியாது. அவுக்கல." நிறுத்தி மெல்லக் கேட்டார்: "நீயாத்தான குடுத்த?"

தலையாட்டினேன்.

"பெறகு அவுக ஏன் இழுத்தேன்னு சொன்னாக?"

"நான் அடிவாங்கக் கூடாதுன்னு" என்றேன். அப்போதுதான் எனக்கே அது விளங்கியது. அழுகை வந்தது.

அம்மா என்னை அடிக்கவில்லை. மறைந்த நுனியைப் பிடித்து இழுத்தார், முடிச்சு விழுந்தது. டி.சி. மடிப்புக் கலையாமல் இருந்தது. சம்புடத்தைத் திறந்து விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பதினொன்றும் இருந்தன. அம்மா மூடியை மூடி, அதன் மீது கையை வைத்துக்கொண்டு, எங்கோ பார்த்தவாறு, "அஞ்சு நாளு" என்றார்.

அன்றிரவு அப்பாவிடம் அம்மா என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. காலையில் அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் தம்மை எண்ணியே வெட்கப்பட்டார் என்று இப்போது தெரிகிறது. அப்போது என் மீது கோபம் என்று நினைத்தேன். "அந்தத் தாள என்ன செய்யப் போறீக?" என்று அம்மா கேட்டது மட்டும் காதில் விழுந்தது. "பைதான் கெடச்சிருச்சே. தாளு எங்கிட்டோ கெடந்துட்டுப் போகுது" என்றார் அப்பா.

சனிக்கிழமை நாங்கள் மூவரும் எட்டேகால் வண்டியில் ஏறினோம்: இடுப்பில் தம்பியோடு அம்மா, சம்புடத்தோடு நான். கூடைக்காரம்மா எங்களைக் கண்டதும், என்ன ஏதென்று கேட்கவில்லை. பக்கத்திலிருந்தவரை, "நவுந்துக்கோ, கைக்கொயந்த கீது" என்று சொல்லி அம்மாவுக்கு இடம் செய்தார். மூன்று பேர் அமரும் இருக்கையில் அம்மா நான்காவதாக ஒண்டினார். உடனே கூடைக்காரம்மா கையை நீட்டினார், தம்பியை நோக்கி.

அம்மா ஒரு மூச்சளவு தயங்கினார். பையையே யாரிடமும் கொடுக்காதவர். பிறகு பிள்ளையைக் கொடுத்தார். தம்பி அவர் மூக்குத்தியைப் பிடிக்கத் தாவினான்.

"ஆத்தா, எம்மக அன்னைக்கு ஒரு..." என்று அம்மா தொடங்கினார்.

"இன்னா பெரிய அன்னிக்கு. பாப்பா, வாயத் தொற." மிளகாய்த்தூளும் உப்பும் தடவிய ஒரு மாங்காய்த் துண்டு என் வாய்க்குள் வந்தது. நான் பேச முடியாதபடி அது பெரியதாக இருந்தது. அம்மா சம்புடத்தைத் திறந்து நீட்டினார். கூடைக்காரம்மா ஓர் உருண்டையை எடுத்துக் கடித்தார்; எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, தண்டவாளத்துல போடற ஜல்லியா?"

பெட்டியே சிரித்தது. அம்மாவும் சிரித்தார், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்க. இந்த ஊருக்கு வந்து அம்மா சிரித்து நான் கேட்டது அதுவே முதல் முறை. "மெல்லக் கூடாது ஆத்தா, ஊற வைக்கணும்" என்று சிரிப்புக்கிடையே சொல்லிக்கொடுத்தார்.

ஆவடியில் பெருங்கூட்டம் ஏறியது. தையல் தொழிற்சாலையின் இரவு முறை முடித்துவந்த ஒரு பெண், கண் செருக, ஒரு கையில் சாப்பாட்டுத் தூக்கும் மறு கையில் குடையுமாக அம்மாவுக்கு எதிரில் நின்றாள். அம்மாவின் மடி அப்போது காலியாக இருந்தது. அம்மா இடமும் வலமும் ஒரு முறை பார்த்தார், யாரிடமோ அனுமதி கேட்பதுபோல. பிறகு கையை நீட்டினார்.

"தா ஆத்தா, இங்கிட்டு. நான் வச்சுக்கிறேன்."

அந்தப் பெண் அம்மாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. தூக்கையும் குடையையும் கொடுத்துவிட்டுக் கம்பியில் தலை சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அம்மா தூக்கை இரு கையாலும் அணைத்துக்கொண்டு, அம்பத்தூர் வரும் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். கல்யாணப் பெண்ணைப் போல முகம் வைத்திருந்தார் என்று பிற்பாடு நான் கேலி செய்ததுண்டு.

"யாரு எவருன்னு கேக்காமக் குடுத்துட்டாளே" என்று ஒரு வாரம் எல்லோரிடமும் சொன்னார். எதிர்வீட்டு அக்காவிடம் இரண்டு முறை சொன்னார். திங்கட்கிழமை நான் பள்ளியில் சேர்ந்தேன். அன்று மாலை வீடு திரும்பியபோது தகரப் பெட்டி காலியாகத் திறந்து கிடந்தது. துணிகள் அலமாரியில் இருந்தன. அம்மா எதிர்வீட்டு அடுப்படியில், அழைக்கப்படாமலே போய் நின்று, வடகறிக்குக் கடலைப்பருப்பு எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்று வருடம் நான் அந்த வண்டியில் பள்ளிக்குப் போனேன். கோடையில் மாங்காயும் ஆடியில் நாவலும் பிறகு கொய்யாவுமாகக் கூடை மாறும், மடி மாறாது. உண்மையை என் வாயால் சொல்லிவிட வேண்டும் என்று பல நாள் நெருங்கியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும், "இன்னா பாப்பா, வாயத் தொற" என்பார். அவர் தெரிந்தேதான் அடைத்தார் என்று இப்போது நம்புகிறேன். பிறகு அப்பாவுக்கு உடல் நலம் குன்றி என் படிப்பு நின்றது. வண்டிப் பயணமும் நின்றது. வருடங்கள் கழித்து வேப்பம்பட்டில் இறங்கி, மடியில் பை வாங்கி வைக்கும் கூடைக்காரம்மா என்று விசாரித்தேன். பத்துப் பேரைக் காட்டினார்கள். அவர் பெயர் எனக்குத் தெரியாது. பெயர் கேட்கவில்லை என்று முதல் நாளே இந்த ஊர் மீது குறைபட்டவர்கள் நாங்கள். நாங்கள் அவர் பெயரைக் கேட்கவே இல்லை.

அந்தப் பை தம்பி நடக்கும் காலத்தில் கிழிந்து கரித்துணியாயிற்று. சம்புடம் அன்றே கூடைக்குள் போய்விட்டது. நாங்கள் திருப்பிக் கேட்கவில்லை. அட்டைச் சீட்டும் அதைக் குத்தும் ஒலியும் இப்போது இல்லை. நான் இன்றும் வண்டியில் இடம் கிடைத்தால் கையை நீட்டுகிறேன். கணினி வேலைக்குப் போகும் பிள்ளைகள் முதுகுப் பையை மார்பில் மாட்டிக்கொண்டு, காதில் பாட்டோடு நிற்கிறார்கள். "பரவால்ல ஆன்ட்டி" என்கிறார்கள். சிலர் கொடுக்கிறார்கள். கனமான பைகள். கொடுத்ததும் தோளை ஒரு முறை உருட்டிக்கொள்வார்கள். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

எஞ்சியிருக்கக்கூடியது அப்பா எழுதிய தாள் ஒன்றுதான். அதை அவர் திரும்பப் பெறவே இல்லை. நிலையத்துக்குப் போய்ச் சொல்ல வெட்கப்பட்டு நாள் கடத்தினார்; பின்பு காலமே கடந்துவிட்டது. அது மக்கிப் போயிருக்கலாம். ஏதோ ஒரு கட்டில் கயிறு சுற்றிக் கிடக்கவும் கிடக்கலாம். கிடந்தால், மாங்காய்க் கூடை வைத்திருந்த பெண்ணொருத்தி ஒரு சிறுமியின் கையிலிருந்து பையை வலிந்து பறித்தாள் என்று அழகான கையெழுத்தில் அது இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும். அதற்கு மறுப்பாக எங்கும் ஒரு வரிகூட இல்லை.

அந்தச் சிறுமி நான். அவர் பறிக்கவில்லை. நான் கொடுத்தேன், அவர் மடியில் வாங்கி வைத்துக்கொண்டார். இதை என் கையால் எழுதிக் கீழே கையொப்பமிட்டிருக்கிறேன். இத்தாள்களைச் சங்கத்து அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கும்படி தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.